செத்த போத்தலைக் கழுவாதே

"கழுவிட்டேங்க்கா."

சனிக்கிழமை காலையில் இந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பசியாறக் கை போகாது. சொன்னவன் லிந்தாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற பையன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் ஆண்டு, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறான். போன வாரம் மூன்று ஜாம் போத்தல்களில் குளோரெல்லா என்கிற பச்சை நுண்பாசியை ஊற்றிக் கொடுத்து, ஜன்னலோரம் வைத்து வளர்த்துக்கொண்டு வா என்று அனுப்பியிருந்தேன். திரும்பி வந்ததில் இரண்டு நல்ல பச்சை. மூன்றாவது காலி. தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, மூடி திருகி, பளபளவென்று.

"வெள்ளையாப் போயிருச்சு. அடியில மண்டி மாதிரி நின்னுச்சு. அதான் குளோரோக்ஸ் ஊத்தி நல்லா கழுவிட்டேன்."

திட்டவும் முடியவில்லை. அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரைக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடத்தில் கற்றுக்கொடுக்கிற முதல் பாடமே சுத்தம். கெட்டுப்போனதைத் தூக்கிப் போடு, புதிதாக ஆரம்பி. பாசி வளர்ப்பதற்கு அது சரியான பாடம். பாசிக்கு என்ன நோய் வருகிறது என்று படிக்க வந்தவனுக்கு அதைவிடக் கெட்ட பாடம் கிடையாது. அவன் தேடி வந்த பொருளே அந்த மூன்றாவது போத்தலில்தான் இருந்தது.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட். பேரா மாநிலத்துக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களிடம் பேரைச் சொன்னால், வயதானவர்கள் 1948-இல் துரைமார்களைச் சுட்டுக் கொன்றதையும் அவசரகாலத்தையும் சொல்வார்கள்; அதற்குக் கொஞ்சம் இளையவர்கள் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் ஊரா என்பார்கள். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம் என்கிற ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. நான் பிறந்தது லயத்து வீட்டில். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா பால் வடிகிற மங்கு துடைத்தார். இருபது வருஷத்துக்கு மேலாகப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் பாசி வளர்க்கிற வேலை பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கே வந்துவிட்டேன். தாமான் வீட்டில் கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மேசை, பழைய மைக்ரோஸ்கோப் ஒன்று, இரண்டு டியூப் லைட், ஓர் அலமாரி. சனிக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகள் வருவார்கள். காசு வாங்குவதில்லை. அம்மாவின் குக்கரை நான் எடுத்துக்கொண்டதுதான் இந்த வகுப்பின் ஒரே செலவு. பதினைந்து பவுண்டு அழுத்தத்தில் இருபது நிமிஷம் வைத்தால், ஆய்வுக்கூடத்து ஆட்டோகிளேவ் தருகிற அதே 121 டிகிரியை அதுவும் தரும். இட்லி இப்போது வேறு பாத்திரத்தில் வேகிறது. அந்தக் குறை அம்மாவுக்கு இன்னும் தீரவில்லை.

அம்மாவுக்கு மொத்தமாகவே இந்த விஷயத்தில் நம்பிக்கை இல்லை. "பாசிய வழிச்சு எறிய எனக்கு ஒரு வெளக்கமாறு போதும். அதுக்குச் சீக்கு வந்துச்சான்னு பாக்க ஒனக்கு ஒரு படிப்பு, இதுங்களுக்கு ஒரு படிப்பா?" குளியலறைத் தொட்டியில் வழுக்குவதும் வாசல் சிமெண்டில் கருப்பாகப் படர்வதும்தான் அவருக்குத் தெரிந்த பாசி. அது செத்தால் நல்லதுதானே என்கிறார். நியாயம்தான்.

ஆனால் அவர் தீபாவளிக்கு மறக்காமல் செய்கிற அகர் அகர் எதிலிருந்து வருகிறது? கடற்பாசியிலிருந்து. ஐஸ்கிரீம், பற்பசை, சாக்லேட் பால், டின்னில் வருகிற இறைச்சி என்று பலவற்றிலும் கராஜீனன் என்று ஒரு பொருள் கெட்டிப்படுத்துவதற்காகக் கலந்திருக்கும், அதுவும் கடற்பாசிதான். சபா மாநிலத்தில் செம்போர்ணா, குடாட், லஹாட் டத்து கரைகளில் கயிறு கட்டி அதை வளர்க்கிறார்கள். 2012 வாக்கில் வருஷத்துக்கு மூன்று லட்சம் டன்னைத் தாண்டி எடுத்தார்கள், ஈர எடையில். வளர்க்கிற எதற்கும் நோய் வரும். நெல்லுக்கு வரும், ரப்பருக்கு வரும், கோழிக்கு வரும். பாசிக்கு மட்டும் வராதா?

என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த இடம் என்று கேட்க வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. குளிர்சாதன அறை, அடுக்கடுக்காகக் கண்ணாடிக் குடுவைகள், எல்லாவற்றுக்கும் பின்னால் டியூப் லைட். மாதத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு பாசியையும் புதுக் கரைசலுக்கு மாற்ற வேண்டும், அதுதான் என் வேலை. அதில் ஒரு தட்டு முழுக்க ஹீமட்டோகாக்கஸ். பச்சையாக நீந்தித் திரியும் ஒற்றைச் செல் பாசி அது. வெயிலோ பட்டினியோ தாக்கினால் சுருண்டு உட்கார்ந்து ரத்தச் சிவப்பாக மாறும். அந்தச் சிவப்புச் சத்துக்கு அஸ்டாக்சாந்தின் என்று பெயர், நல்ல விலை. ஒரு திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன், எட்டுக் குடுவையில் ஐந்து கலங்கிய பழுப்பு. அடியில் சின்னச் சின்னக் கட்டிகள். பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, அசிங்கத்தை முதலில் வெளியே எடு என்றார். எடுத்தேன், அவித்தேன், கொட்டினேன். அடுத்த மாதமும் அதேதான். மூன்றாவது மாதமும். அப்புறம் என் கைச்சுத்தத்தின் மேல் சந்தேகம் வந்து, என்னைக் கண்ணாடி கழுவுகிற பகுதிக்கு மாற்றினார்கள். எட்டு மாதம் வெறும் குடுவை கழுவினேன்.

பல வருஷம் கழித்து ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. இஸ்ரேலில் நெகேவ் பாலைவனத்து சேடே போக்கரில் வேலை செய்கிறவர்கள் 2008-இல் வெளியிட்டது. அவர்களுடைய ஹீமட்டோகாக்கஸ் வளர்ப்பும் இப்படியே திடீர் திடீரென்று நிறம் மாறிக் கட்டி கட்டியாகச் செத்திருக்கிறது. ஆனால் அவர்கள் கொட்டவில்லை. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். பாசி செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைத் தின்கிற பூஞ்சை வகை ஒட்டுண்ணி. பிற்பாடு அதற்குப் பாராஃபைசோடெர்மா சேடேபோக்கரென்ஸ் என்று அந்த ஊர்ப் பேரையே வைத்தார்கள். கட்டுரையில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் குடுவைகளில் இருந்ததும் அதுதானா? யாராலும் சொல்ல முடியாது. கழுவியாச்சே. நான்தானே கழுவினேன்.

அதனால்தான் என் மேசைக்கு மேலே ஒரே ஒரு வாசகம் ஒட்டியிருக்கிறேன்: செத்த போத்தலைக் கழுவாதே.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் போத்தல் எதுவும் கொடுப்பதில்லை. பின்பக்கத்துக் கொய்யா மரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மழைக்காலம் முடிந்த கையோடு அதன் முதிர்ந்த இலைகளில் ஆரஞ்சு நிறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிகள் இருக்கும். பத்துக் காசு அளவுகூட வராது. விரலால் தொட்டால் வெல்வெட்டுத் துணி மாதிரி இருக்கும். என்ன இது என்று கேட்டால் எல்லோரும் பூஞ்சை என்பார்கள், ஒரு பெண் துரு என்றாள். சவர பிளேடால் லேசாகச் சுரண்டி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். கண்ணை வைத்ததும் பேச்சு நின்றுவிடும். ஆரஞ்சு நிற இழைகள் காடு மாதிரி எழுந்து நிற்கும். சில இழைகளின் நுனியில் கொத்தாகக் குட்டிக் குட்டி உருண்டைகள், வித்துப் பைகள். மழைத் தண்ணீர் பட்டதும் அவற்றிலிருந்து நீந்துகிற வித்துகள் வெளியே வரும். செஃபலூரோஸ் என்று பெயர். அது பூஞ்சை இல்லை, பச்சைப் பாசி. பச்சையை ஆரஞ்சுச் சாயம் மறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தேயிலைக்காரர்கள் இதைச் செந்துரு நோய் என்பார்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் இதனால் வந்த தொல்லையை மேன், ஹட்சின்சன் என்ற இருவர் 1907-லேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். நன்றாக இருக்கிற செடியை விட்டுவிட்டு, மண் கெட்டு, தண்ணீர் தேங்கி, ஏற்கெனவே தளர்ந்துபோன செடியைத்தான் இது அதிகம் பிடிக்கும்.

பாசியின் நோயைப் படிக்க வந்தவர்களுக்கு, பாசியே நோயாக இருப்பதை முதலில் காட்டுகிறேன். இதில் என் கெட்ட புத்தியும் கொஞ்சம் உண்டு. புத்தகம் படித்த தெம்பில் வருகிறவர்களைக் கொஞ்சம் குழப்பிவிட்டால்தான் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள்.

கண் திறந்து பார்ப்பது என்றால் எனக்கு அப்பாதான் ஞாபகத்துக்கு வருவார். நவம்பர், டிசம்பர் மழையில் பால்மரத்தின் வெட்டுப்பட்டை ஈரமாகவே கிடக்கும். அப்போது வெட்டுக்கோட்டுக்கு மேலே, புதிதாக வளர்கிற பட்டையில், நெட்டுக்குத்தலாக மெல்லிய கறுப்புக் கோடுகள் விழும். முதலில் பென்சிலால் கீறினது மாதிரிதான் தெரியும். விட்டுவிட்டால் பட்டை அழுகி, மரத்தில் பிறகு வெட்ட இடமிருக்காது. அப்பா தன் பங்கு 500 மரத்தையும் விடியாத இருட்டில் தலைவிளக்கு வெளிச்சத்தில் வெட்டுகிறவர். அந்த வெளிச்சத்தில் அந்தக் கீறலைப் பார்த்துவிடுவார். கத்தி முனையால் தோலைக் கொஞ்சம் நெம்பி என்னிடம் காட்டியிருக்கிறார். "கோடு எங்க முடியுதுன்னு பாரு. வெளிய கொஞ்சந்தான் தெரியும், உள்ளாற நிறைய போயிருக்கும்." வேலை முடிந்ததும் நேரே மண்டோரிடம் போய் எத்தனை மரம் என்று சொல்வார். மருந்து பூச வருகிறார்களா இல்லையா என்பது வேறு கதை.

அந்தக் கறுப்புக் கோட்டுக்குக் காரணம் ஃபைட்டோஃப்தோரா. உருளைக்கிழங்கை அழித்து அயர்லாந்தைப் பட்டினி போட்டதும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். பார்த்தால் பூஞ்சை போல இருக்கும்; வகைப்பாட்டில் பூஞ்சைக்குத் தூரம். நீர்ப்பூஞ்சை என்று சொல்லிக்கொள்ளலாம். இதன் செல் சுவரில் செல்லுலோஸ், நீந்தும் வித்துக்கு இரண்டு வால். உறவுமுறை பார்த்தால் பழுப்புக் கடற்பாசிக்கும் டயாட்டம் பாசிக்கும்தான் சொந்தம். ஜப்பானியர் சோறு சுற்றிச் சாப்பிடுகிற நோரி பாசியைச் செவ்வழுகல் நோய் என்று ஒன்று அழிக்கிறது. பித்தியம் என்கிற நீர்ப்பூஞ்சை. ஒல்பிடியாப்சிஸ் என்று இன்னொன்று, அதுவும் அதே கூட்டம். அப்பா இருட்டில் கத்தி முனையால் காட்டியதும் கொரியாக்காரர்கள் கடலில் வலையைத் தூக்கிப் பார்த்துத் தலையில் கை வைப்பதும் ஒரே குடும்பத்தின் வேலை. இதைத் தெரிந்துகொண்டபோது அப்பா இல்லை.

சரி, கடலுக்கு வருவோம். ஓர் ஆய்வுக்குழுவுடன் உதவியாளராக ஒரு தரம் செம்போர்ணா போயிருந்தேன். தாவாவ் வரைக்கும் விமானம், அப்புறம் வேன், அப்புறம் படகு. பஜாவ் இனத்துப் பெண் ஒருவர் தன் கயிறுகளைப் பார்க்க எங்களையும் ஏற்றிக்கொண்டார். தண்ணீருக்கடியில் நீளநீளமான கயிறுகள், சாண் இடைவெளியில் கராஜீனன் தருகிற காப்பாஃபைக்கஸ் பாசிக் கொத்துகள் கட்டித் தொங்குகின்றன. எங்கள் குழுவில் எல்லோரும் தண்ணீர்க் கண்ணாடி, கேமரா, வெப்பமானி என்று அமர்க்களமாக இருந்தோம். அந்த அம்மா கயிற்றைக் கைக்குள் ஓடவிட்டுக்கொண்டே படகை நகர்த்தினார். கண் வேறு எங்கோ. திடீரென்று நிறுத்தி, ஒரு கிளையை ஒடித்து, "காசார்" என்றார். சொரசொரப்பு. எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்து இழுத்தார். கோழித்தோல் மாதிரி, மணல் ஒட்டினது மாதிரி நெருடியது. லென்ஸில் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள். இன்னும் சில வாரத்தில் அவை முடி முடியாக வளர்ந்துவிடும்.

அது இன்னொரு பாசி. நியோசைஃபோனியா என்று சொல்வார்கள். வளர்ப்புப் பாசியின் தோலுக்குள் வேரை இறக்கிவிட்டு மேலே முளைக்கிறது. மலேசியா சபா பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் வைரப்பன் 2006-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றைக்கும் எல்லோரும் எடுத்துப் பார்க்கிறது. கடல்நீரின் வெப்பமும் உப்பும் தடாலென்று மாறுகிற பருவங்களில்தான் இது தலைதூக்குகிறது என்று அவர் காட்டினார். வைரப்பன் என்ற பேரைப் பார்த்ததும் என் பிள்ளைகளுக்கு வருகிற சிரிப்பு இருக்கிறதே, அது வேறு எந்தப் பாடத்திலும் வராது. "நம்ம ஆளாக்கா?" ஆமாம், நம்ம ஆள்தான்.

அந்தப் புண் வழியாகப் பாக்டீரியா நுழையும். தண்ணீர் 33 டிகிரிக்கு மேல் காய்ந்தாலோ, பெருமழையில் உப்பு குறைந்தாலோ பாசி சோர்ந்துபோய், கிளைகள் அங்கங்கே வெளுத்து, கண்ணாடி மாதிரி ஆகி, ஒடிந்து விழும். 1970-களில் பிலிப்பீன்ஸ் விவசாயிகள் இதற்கு ஐஸ்-ஐஸ் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரே ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் நிலைத்துவிட்டது. கண்டுபிடித்தவரின் பேரோ லத்தீன் பேரோ வராமல், கயிறு பிடித்தவர்கள் வைத்த பேர் நின்றதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அந்த அம்மா ஒடித்த கிளையை என்ன செய்தார் தெரியுமா? கடலிலேயே வீசினார். நீரோட்டம் அதை அடுத்தவர் கயிற்றுப் பக்கம் கொண்டுபோனது. அவரும் போத்தலைக் கழுவுகிறவர்தான். நாங்கள் யாரும் அதைப் பிடித்துப் பையில் போடச் சொல்லவில்லை. படகு நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

இந்தப் பயிரில் இன்னொரு தொல்லை இருக்கிறது. விதை போட்டு வளர்ப்பதில்லை, கிளையை ஒடித்துக் கட்டுகிறார்கள். மரவள்ளிக் குச்சி நடுகிற மாதிரிதான். ஆக இந்தக் கரையில் இருப்பதும் அந்தத் தீவில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே செடியின் துண்டுகள். ஒன்றுக்குப் பிடித்த நோய்க்கு மற்றதிடமும் எதிர்ப்பு இருக்காது, நாற்றோடு நாற்றாக நோயும் பயணம் போகும். ராமநாதபுரம் கடற்கரையிலும் இதே பாசிதான், இதே கவலைதான்.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும். வைரஸ் தெரிந்தவர், பூஞ்சை தெரிந்தவர், கடல் தெரிந்தவர் என்று தனித்தனியாக இருக்கிறார்கள். பாசிக்கு வைத்தியர் என்று ஒருவர் அபூர்வம். ஐரோப்பாவில் 2015 வாக்கில் பாசியின் நண்பர்களும் பகைவர்களும் என்ற பொருளில் பேர் வைத்து இளைய ஆய்வாளர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் நடத்தினார்கள். அப்புறம் 2017-இலிருந்து 2021 வரைக்கும் ஸ்காட்லாந்து கடல் அறிவியல் கழகம் முன்னின்று, மலாயாப் பல்கலைக்கழகம், பிலிப்பீன்ஸ், தான்சானியா என்று பாசி வளர்க்கிற நாடுகளின் பல்கலைக்கழகங்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு திட்டம் நடந்தது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. நல்ல காரியம்.

எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். இந்த மாதிரி இடங்களுக்குப் போகிற பிள்ளை, கையில் மாதிரி கிடைத்ததும் மைக்ரோஸ்கோப்பைத் தாண்டி நேரே டிஎன்ஏ எடுக்கப் போய்விடுகிறது. இரண்டு வாரத்தில் ஐந்நூறு பேர் கொண்ட பட்டியல் வரும், இந்தத் தண்ணீரில் இன்னின்ன கிருமி இருந்தது என்று. கல்யாண வீட்டுப் பதிவேடு மாதிரி. யார் யார் வந்தார்கள் என்று தெரியும். தாலியை எடுத்தது யார் என்று அதில் இருக்காது. அதற்கு ஒட்டுண்ணி செல்லின் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும், அதைப் பிரித்தெடுக்க வேண்டும், நல்ல பாசியில் விட்டு அதே நோய் வருகிறதா என்று பார்க்க வேண்டும், மறுபடியும் அதையே வெளியே எடுக்க வேண்டும். கோக் என்ற ஜெர்மன் கிருமி ஆய்வாளர் நூறு வருஷத்துக்கும் முன்னால் வைத்த விதிதான். பாசியில் அது லேசில்லை. பல ஒட்டுண்ணிகள் உயிருள்ள பாசி இல்லாமல் வளரவே வளராது. நோயை வளர்க்க வேண்டுமென்றால் நோயாளியையும் கூடவே வளர்க்க வேண்டும். ஒன்று சாகாமலும் மற்றது சாகாமலும் பார்த்துக்கொள்வது மாமியார் மருமகளை ஒரே வீட்டில் வைத்திருப்பது மாதிரி.

கோக் பேர் வந்ததும் அகர் கதையைச் சொல்லிவிடுவேன், அம்மா காதில் விழுகிற மாதிரி. கோக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்க ஜெலட்டின் வைத்திருந்தார்கள். வெயிலில் உருகிவிடும், கிருமியே அதைத் தின்றுவிடும். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி, 1881-இல், நான் ஜெல்லிக்குப் போடுகிற அகர் அகரைப் போட்டுப் பாருங்களேன் என்றார். ஜாவாவில் இருந்து வந்தவர்கள் அவருக்கு அதைப் பழக்கியிருந்தார்கள். உலகத்து ஆய்வுக்கூடமெல்லாம் இன்றைக்குச் சொல்கிற அகர் என்ற சொல் நம் பக்கத்துக் கடையில் பொட்டலத்தில் எழுதியிருக்கிற அதே மலாய்ச் சொல். எங்கள் தட்டுகளுக்கும் கடை அகர்தான். லுமுட் கடற்கரையிலிருந்து ஒரு பெண் கொண்டுவந்த அழுகிய பாசித்துண்டை அதில் தேய்த்து வைத்தோம். நாலாம் நாள் ஒரு கிருமிக்கூட்டத்தைச் சுற்றி அகர் குழி விழுந்திருந்தது, கட்டை விரலால் அமுக்கினது மாதிரி. கடலில் பாசியைத் தின்று பழகின கிருமி தட்டையும் தின்ன ஆரம்பித்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம தீபாவளி ஜெல்லியில இதெல்லாம் வராதே?" என்று மட்டும் கேட்டார்.

பெற்றோர் கேட்பது வேறு. இதைப் படித்தால் என்ன வேலை? நியாயமான கேள்வி, என்னிடம் நல்ல பதில் இல்லை. உபகாரச் சம்பளம் கிடைத்தால் முதுகலை, அதற்கப்புறம் ஒப்பந்த வேலை, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதிதாக மனு. சிங்கப்பூர் தொழிற்சாலையில் அதைவிட அதிகம் கிடைக்கும். என்னிடம் நன்றாக வரைந்துகொண்டிருந்த ஒரு பையன் அப்படித்தான் போனான், நான் போகாதே என்று சொல்லவில்லை.

அருகிலேயே வேலை இருக்கிறது என்று காட்டப் பிள்ளைகளைச் செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குட்டைகளுக்கு ஒரு தரம் கூட்டிப் போனேன், அனுமதி வாங்கித்தான். ஆலையிலிருந்து வருகிற பழுப்புக் கழிவு கொதிக்கக் கொதிக்க வரும். குட்டை குட்டையாகத் தாண்டி வந்து கடைசிக் குட்டையில் பச்சை பூத்து நிற்கும். அந்தப் பச்சை நுண்பாசி. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாங் சியூ மோய் 1980-களிலேயே செம்பனை ஆலைக் கழிவிலும் ரப்பர் ஆலைக் கழிவிலும் பாசி வளர்த்து, தண்ணீரையும் சுத்தம் செய்து பாசியையும் அறுவடை செய்யலாம் என்று காட்டியவர். ஒரு குட்டை முழுக்கக் குளோரெல்லா இருந்து, அதை ஏதாவது ஒன்று பிடித்துக்கொண்டால்? குளோரெல்லாவின் மேல் ஒட்டி உள்ளிருப்பதை உறிஞ்சி வெறும் ஓட்டை விடுகிற பாக்டீரியாவே ஒன்று இருக்கிறது. வேம்பைரோவிப்ரியோ. ரத்தக்காட்டேரி என்று பொருள் வருகிற பேர்; இந்தப் பேரைச் சொன்னால் போதும், பிள்ளைகள் கையிலிருக்கிற போனைக் கீழே வைத்துவிடுவார்கள்.

சரி, லிந்தாங் பையனிடம் வருகிறேன். அடுத்த மூன்று வாரம் அவன் போத்தல்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. அவனுக்கு அது ஏமாற்றம். நாலாவது வாரம் முகமெல்லாம் பல்லாக வந்தான். "செத்துருச்சுக்கா! கழுவல!" துணியில் சுற்றிக் குழந்தை மாதிரி கொண்டுவந்திருந்தான். மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். பாதிக்கு மேல் வெறும் ஓடுகள், உள்ளே பச்சை இல்லை. இடையிடையே ஏதோ துள்ளித் துள்ளி ஓடியது. என்னவென்று பெயர் வைக்க எங்கள் மைக்ரோஸ்கோப்புக்குச் சக்தி போதாது. பெயர் வைக்க வேண்டாம், இதுதான் கொன்றதா என்று மட்டும் பார்ப்போம் என்றேன்.

ஆறு போத்தல் நல்ல பாசி. மூன்றில் செத்த தண்ணீர் ஒரு கரண்டி. மற்ற மூன்றில் அதே தண்ணீரைக் குக்கரில் அவித்து ஆறவைத்து ஒரு கரண்டி. ஒட்டுநாடாவில் அ, ஆ, இ என்று எழுதி ஒட்டினான். காலையும் மாலையும் வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதினான். பரீட்சைக்குக்கூட இவ்வளவு ஒழுங்காக எழுந்ததில்லை என்று அவன் அம்மா போனில் சொன்னார்.

ஆறாம் நாள் செத்த தண்ணீர் ஊற்றிய மூன்றும் வெளுத்தன. எதிர்பார்த்தபடியே. அன்று மாலையே, அவித்த தண்ணீர் ஊற்றிய போத்தல்களில் ஒன்றும் வெளுக்கத் தொடங்கியது.

நெடுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அப்ப எல்லாம் வேஸ்டாக்கா?" நான் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைப் புரட்டினான், விரலை மடக்கி எண்ணினான், அப்புறம் தலையைத் தூக்காமலே சொன்னான். "கரண்டி ஒன்னுதாங்க்கா. ரெண்டுக்கும் ஒரே கரண்டி. நடுவுல கழுவல."

கழுவ வேண்டிய ஒரே பொருளைக் கழுவவில்லை! சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு. அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

ஐந்து செத்த போத்தல்கள் அலமாரியில் ஏறிவிட்டன. அம்மா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். முறுக்கு டின் வைக்கிற தட்டு அது. தீபாவளிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது.

"இதயுமா வச்சிருக்கணும்?"

"ஆமாம்மா."

"எத்தன நாளைக்கி?"

பையன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஒட்டுநாடாவைக் கிழித்து, வெளுத்துக்கொண்டிருந்த அந்தப் போத்தலின் மேல் தேதியையும் அதற்குக் கீழே 'ஒரே கரண்டி' என்றும் எழுதி ஒட்டிவிட்டு, "புதுசா ஆறு போத்தல் வேணும் பாட்டி, ஜாம் காலியா இருக்கா?" என்று கேட்டான்.